சிறுநீரகத் திசுவில் புரதத்தைத் தேட எந்த முறை ஏற்றது?

மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் துறைகளில் எம்.டி. மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, "இன்ன நோயில் இன்ன புரதத்தின் வெளிப்பாடு" என்ற வார்ப்பில்தான் பல தலைப்புகள் அமைகின்றன. புரதத்தின் பெயர் ஏதோ ஒரு பழைய கட்டுரையிலிருந்து வந்துவிடுகிறது. முறையோ, துறையில் ஏற்கெனவே என்ன கருவி இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவாகிவிடுகிறது. நோயுற்ற மனிதத் திசுவில் புரதங்களைப் படிக்க இன்று பல வழிகள் இருந்தாலும், ஒவ்வொரு வழியும் ஒரு வகைக் கேள்விக்குத்தான் நம்பத்தக்க விடை தரும் என்பதால், கேள்வியை முடிவு செய்யாமல் முறையை முடிவு செய்வது மாணவரின் உழைப்பையும், அதைவிட முக்கியமாக நோயாளி கொடுத்த திசுவையும் வீணாக்கும். இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே நோயை வைத்துப் பேசுவது தெளிவாக இருக்கும் என்று கருதி, சிறுநீரக நோயான மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதியை எடுத்துக்கொள்கிறேன். 2009 முதல் புரத ஆய்வு முற்றிலுமாக மாற்றியமைத்த நோய் அது. வெஸ்டர்ன் பிளாட் (அரைத்த திசுவின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடுவது), ஆன்டிபாடிச் சாயம் (சீவிய திசுவிலேயே ஆன்டிபாடியால் நிறமேற்றிப் பார்ப்பது), மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (புரதத் துண்டுகளின் எடையை அளந்து பெயரைக் கண்டறிவது) ஆகிய மூன்றுமே அந்த மாற்றத்தில் பங்கேற்றிருக்கின்றன.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.2 மி.மீ. குறுக்களவு கொண்ட நுண்குழாய்ச் சுருள். அந்த நுண்குழாய்களின் அடித்தளச் சவ்வுக்கு வெளிப்புறம், அதைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்களின் கீழே, ஆன்டிபாடியும் அது பற்றிக்கொண்ட புரதமான ஆன்டிஜெனும் சேர்ந்து மணல் தூவியதுபோல் படிந்துவிடுவதுதான் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி. நோயாளி கால் வீக்கத்தோடும் நுரைத்த சிறுநீரோடும் வருகிறார். படிந்திருக்கும் ஆன்டிபாடி ஐஜிஜி வகை என்பது நெடுங்காலமாகத் தெரியும். அது எந்தப் புரதத்தைப் பற்றியிருக்கிறது என்பது பெரும்பாலான வயதுவந்த நோயாளிகளில் 2009 வரை தெரியவில்லை. "காரணம் அறியப்படாதது" என்றே அறிக்கை எழுதப்பட்டு வந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தது வெஸ்டர்ன் பிளாட் என்ற எளிய முறை. 2009இல் பெக், சாலன்ட் ஆகியோரின் பாஸ்டன் குழு, இயல்பான மனித கிளாமருலஸ்களிலிருந்து எடுத்த புரதச் சாற்றை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் நோயாளிகளின் சீரத்தை (ஆன்டிபாடிகள் அடங்கிய இரத்த நீரை) ஊற்றிப் பார்த்தது. 37 பேரில் 26 பேரின் சீரம், ஏறக்குறைய 185 கிலோடால்டன் எடையுள்ள ஒரே பட்டையைப் பற்றியது. அந்தப் பட்டையை வெட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அடையாளம் கண்டபோது அது போடோசைட்டின் மேற்பரப்பிலுள்ள பிஎல்ஏ2ஆர் என்ற ஏற்பிப் புரதம் என்று தெரிந்தது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வழக்கமாகப் புரதத்தின் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்துவிட்டுத்தான் ஜெல்லில் ஏற்றுவோம். அந்தக் குழு அவற்றை உடைக்காமல் ஏற்றியது. உடைத்திருந்தால் ஆன்டிபாடி பற்றும் வடிவம் சிதைந்து பட்டையே தெரிந்திருக்காது.

இந்த வெற்றியைப் படித்துவிட்டு, தன் துறையிலுள்ள பயாப்ஸிகளில் வெஸ்டர்ன் பிளாட் செய்ய ஒரு மாணவர் விரும்பினால், வேண்டாம் என்றே சொல்வேன். பாஸ்டன் குழு அரைத்தது நோயாளியின் பயாப்ஸியை அல்ல. தாராளமாகக் கிடைக்கும் இயல்பான சிறுநீரகச் சாற்றைத்தான். நோய் பற்றிய தகவல் முழுவதும் சீரத்திலிருந்து வந்தது. பயாப்ஸி ஊசியில் வருவதோ நூல்போன்ற ஒரு துண்டு; அதில் பத்து, இருபது கிளாமருலஸ்கள் இருந்தாலே நிறைவடைகிறோம். அதை அரைத்தால், சாற்றின் பெரும்பகுதி சிறுநீரகக் குழல்களிலிருந்து வந்ததாகவே இருக்கும். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் கிடந்த திசுவாக இருந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்துபோய் ஜெல்லில் ஒழுங்காக ஓடா. உறையவைத்த திசுவே வேண்டும். இன்னொரு சிக்கலை அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. அளவை ஒப்பிட ஆக்டின், ஜிஏபிடிஎச் போன்ற "மாறாத" புரதங்களை அளவுகோலாக வைக்கிறோம். தழும்பேறிய, அழற்சி கண்ட திசுவில் செல்களின் கலவையே மாறிவிடுவதால் அந்த அளவுகோலும் சேர்ந்து மாறுகிறது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த பெரிய கட்டி, உறையவைத்த பாதி, பக்கத்திலேயே இயல்பான திசு என எல்லாம் இருக்கும் இடத்தில் வெஸ்டர்ன் பிளாட் இன்றும் நல்ல முறை. குறிப்பாக ஆன்டிபாடி சரியான எடையுள்ள புரதத்தைத்தான் பற்றுகிறதா என்று சோதிக்க அதற்கு ஈடாக எளிய சோதனை இல்லை.

அடுத்தது ஆன்டிபாடிச் சாயம். ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியோடு இணைத்ததில் தொடங்கி, 1966இல் நாகானேயும் பியர்ஸும் பெராக்ஸிடேஸ் நொதியை இணைத்தது, 1991இல் ஷியும் அவர் குழுவினரும் ஃபார்மலின் மறைத்த ஆன்டிஜெனைச் சூடேற்றி மீட்கலாம் என்று காட்டியது எனப் படிப்படியாக வளர்ந்து, இன்று ஓரளவு வசதியுள்ள எந்த நோயியல் துறையிலும் நடக்கக்கூடிய முறையாக இது ஆகியிருக்கிறது. இதன் பெரிய பலம், புரதம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது. மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதியில் அந்த "எங்கே" என்பதுதான் எல்லாமே. இயல்பான கிளாமருலஸிலும் போடோசைட்டில் பிஎல்ஏ2ஆர் மெலிதாகச் சாயமேறும். நோயில் அதே புரதம் நுண்குழாய்ச் சுவரை ஒட்டி, புள்ளி புள்ளியாக, ஐஜிஜி படிந்த அதே கோட்டில் வரிசையாகத் தெரியும். மொத்த அளவை மட்டும் சொல்லும் எந்த முறையும் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டுவிடும். பின்னாளில் இனங்கண்ட நெல்-1 (NELL-1) என்ற புரதத்தில் இன்னொரு அழகும் உண்டு: புள்ளிகள் பெரும்பாலும் எல்லா நுண்குழாய் வளையங்களிலும் நிறைந்திராமல், ஒரு வளையத்தில் அடர்ந்தும் பக்கத்து வளையத்தில் வெறுமையாகவும் நிற்கும். பழகிய கண் அந்தத் துண்டு துண்டான அமைப்பைப் பார்த்தவுடனேயே எந்த ஆன்டிபாடியை அடுத்துப் போடுவது என்று முடிவு செய்துவிடும்.

ஆனால் இந்த முறை முழுவதும் ஓர் ஆன்டிபாடியின் நம்பகத்தன்மையின்மேல் நிற்கிறது. சாயம் ஏறிவிட்டால் புரதம் இருக்கிறது என்று எழுதிவிடும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1996இல் அந்த ஏற்பி கண்டறியப்பட்ட பின் மார்பகப் புற்றுநோயில் அதன் வெளிப்பாட்டைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்தன, ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அந்த ஏற்பிக்கான 13 ஆன்டிபாடிகளை முறைப்படி சோதித்தபோது ஒன்றே ஒன்றுதான் தேறியது. அந்த ஒன்றை வைத்துப் பார்த்தபோது இயல்பான மார்பகத் திசுவிலும் மார்பகப் புற்றுநோயிலும் அந்தப் புரதம் தென்படவில்லை. இருபது ஆண்டு உழைப்பில் எவ்வளவு பகுதி வேறு ஏதோ புரதத்தைப் பார்த்து எழுதியது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அந்த ஸ்லைடுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண் இருந்தார்.

ஆகவே ஆன்டிபாடி வாங்குமுன் கேட்க வேண்டியவை சில உள்ளன. அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்லில் சாயம் மறைகிறதா? அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றும் இரண்டாவது ஆன்டிபாடி அதே படத்தைத் தருகிறதா? ஆர்.என்.ஏ. அல்லது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அளவுகளோடு சாயத்தின் ஏற்றத்தாழ்வு ஒத்துப்போகிறதா? 2016இல் ஒரு பன்னாட்டுக் குழு வகுத்த ஐந்து சரிபார்ப்பு வழிகளில் இவை மூன்று. இவற்றுள் ஒன்றையும் ஒரு துறை தானாகச் செய்ய இயலாவிட்டால், மாதியாஸ் உலேனின் தலைமையில் ஸ்வீடனில் 2003 முதல் நடந்துவரும் மனிதப் புரத வரைபடத் திட்டத்தின் இணையப் பக்கத்தில், தான் வாங்கவிருக்கும் ஆன்டிபாடிக்கு எத்தகைய சான்று இருக்கிறது என்று பார்க்கலாம். அந்தத் திட்டத்தின் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் பணியில் மும்பை நோயியலாளர்களின் பங்கு பெரிது. பார்ப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை. குப்பியின் உறையில் "மனிதத் திசுவுக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருப்பது சான்றாகாது.

சாயத்தை எண்ணாக மாற்றுவதிலும் நிதானம் வேண்டும். தீவிரத்தையும் செல் சதவீதத்தையும் பெருக்கி 0 முதல் 300 வரை வரும் எச்-ஸ்கோரை ஆய்வேடுகளில் மூன்று இலக்கத்தில் எழுதுகிறோம். பழுப்பு நிறம் தரும் டிஏபி சாயம் புரதத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் அடர்வதில்லை. எனவே 240 என்பது 120ஐப் போல் இரு மடங்கு புரதம் என்று பொருள்படாது. இருக்கிறது, இல்லை, எந்த இடத்தில், எந்த அமைப்பில் என்பவைதான் இந்த முறை உறுதியாகச் சொல்லக்கூடியவை. அந்த எல்லைக்குள் நின்றால் இதைவிடப் பயனுள்ள முறை இல்லை.

எல்லைக்கு வெளியே இருப்பது பெயர் தெரியாத புரதம். பிஎல்ஏ2ஆர் ஏறக்குறைய பத்தில் ஏழு நோயாளிகளை விளக்கிவிட்டது. மீதி மூவருக்கு எந்த ஆன்டிபாடியைப் போடுவது? ஆன்டிபாடிச் சாயத்தில் நாம் கேட்ட புரதத்தைப் பற்றித்தான் விடை வரும். இந்த இடத்தில்தான் லேசர் நுண்வெட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் இணைந்த முறை வேறெதனாலும் செய்ய முடியாததைச் செய்தது. திசுவை மெழுகில் பதித்துவைத்த பாரஃபின் பிளாக்கிலிருந்து 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவிய திசுவைச் சவ்வு ஒட்டிய தனி ஸ்லைடில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடியே கிளாமருலஸைச் சுற்றி லேசரால் கோடு இழுத்தால், சுற்றியுள்ள குழல்கள் அப்படியே நிற்க, கிளாமருலஸ் மட்டும் தனித்து விழும். அப்படிச் சேர்த்தவற்றைச் சூடேற்றி, ட்ரிப்சின் நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் எடையை அளந்தால், அவை எந்தெந்தப் புரதத்தின் துண்டுகள் என்ற பட்டியல் வருகிறது. பிஎல்ஏ2ஆர் இல்லாத நோயாளியின் பட்டியலில் மட்டும் மிகுந்து நிற்கும் புரதம் எது என்று பார்ப்பதுதான் மீதி வேலை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சஞ்சீவ் சேத்தியின் குழு இந்த வழியில் 2019இல் எக்ஸோஸ்டோசின் புரதங்களையும் 2020இல் நெல்-1ஐயும் கண்டது. எந்தக் கருதுகோளும் நெல்-1ஐ முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கண்டுபிடிப்பு சில ஆண்டுகளுக்குள் நம் ஊர் நோயாளிகளுக்குப் பயன்பட்டதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பெயர் தெரிந்துவிட்டதால், விலையுயர்ந்த கருவியின் தேவை அங்கே முடிந்துபோய், நெல்-1க்கு ஆன்டிபாடி போட்டால் போதும் என்றானது. சென்னையிலுள்ள சிறுநீரக நோயியல் மையம் ஒன்றிலிருந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, நெல்-1 படிந்த நோயாளிகளில் கணிசமானோர் பாரம்பரிய மருந்துகளை உட்கொண்டவர்கள் என்றும், சோதித்த மருந்துகளில் பாதரசம் இருந்தது என்றும், மருந்தை நிறுத்தியபின் பலருக்குச் சிறுநீரில் புரதம் போவது குறைந்தது என்றும் காட்டியது. தோலை வெளுக்கச் செய்யும் கிரீம்களுக்கும் நெல்-1 படிவுக்கும் உள்ள தொடர்பைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. மேல்நாட்டில் நெல்-1ஐக் கண்டால் முதலில் மறைந்திருக்கும் புற்றுநோயைத் தேடுகிறார்கள். நம் பகுதியில் அதோடு மருந்துப் பொட்டலத்தையும் கிரீம் டப்பாவையும் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு புரதத்தின் பெயர் நோயாளியிடம் கேட்கும் கேள்வியையே மாற்றிவிட்டது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கருவி கோடிக்கணக்கில் விலைபோவது. அதைவிட, அதை இயக்கித் தரவைப் படிக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. அல்புமின், கொலாஜன், இம்யூனோகுளோபுலின் போன்று மிகுந்திருக்கும் புரதங்கள் குறைந்த அளவுள்ளவற்றை மறைத்துவிடும். வெவ்வேறு நாள்களில் ஓட்டிய மாதிரிகளுக்கிடையே நோயால் வராத வேறுபாடுகள் புகுந்துவிடும். பட்டியலில் ஒரு பெயர் வந்துவிட்டது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. 2014இல் பெங்களூரு உயிர்த்தகவலியல் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட மனிதப் புரதத் தொகுப்பு வரைபடம் 17,294 மரபணுக்களின் புரதங்களைப் பதிவு செய்த மாபெரும் பணி. அதே ஆண்டு வெளிவந்த மறுபரிசீலனை ஒன்று, மூக்கில் மட்டும் எதிர்பார்க்கத்தக்க மண ஏற்பிப் புரதங்கள் வேறு திசுக்களில் காணப்பட்டதாக வந்திருப்பதைச் சுட்டி, பெருந்தரவில் தவறான அடையாளங்கள் எப்படிச் சேர்ந்துவிடுகின்றன என்று எச்சரித்தது. ஆகவே மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி தரும் பெயரை ஆன்டிபாடிச் சாயத்தால் திசுவில் பார்த்து உறுதி செய்யாமல் நோயைப் பற்றிப் பேசக்கூடாது. நெல்-1 ஆய்விலும் அப்படித்தான் செய்தார்கள்.

ஆர்.என்.ஏ.வை அளந்து புரதத்தை ஊகிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செலவும் குறைவு, தரவும் ஏராளம். 2014இல் வெளிவந்த பெருங்குடல் புற்றுநோய் ஆய்வு, பல கட்டிகளில் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் ஒப்பிட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரபணுக்களில் மட்டுமே இரண்டும் நம்பத்தக்க அளவில் இணைந்து ஏறி இறங்கின. படிவு நோய்களில் நிலைமை இன்னும் மோசம். தவறாக மடிந்த புரதம் உறுப்புகளில் படியும் அமிலாய்டோசிஸ் நோயில், இதயத்தில் படியும் லைட் செயின் என்ற ஆன்டிபாடித் துண்டு எலும்பு மச்சையில் உற்பத்தியாகிறது. அங்கே படியும் இன்னொரு புரதமான டிரான்ஸ்தைரெட்டின் பெரும்பாலும் கல்லீரலில் உற்பத்தியாகிறது. இதயத் திசுவின் ஆர்.என்.ஏ.வில் அவற்றைத் தேடினால் நோயின் காரணமே கண்ணில் படாது. லைட் செயின் என்றால் கீமோதெரபி, டிரான்ஸ்தைரெட்டின் என்றால் டஃபாமிடிஸ் மருந்து என்று சிகிச்சை முற்றிலும் பிரிவதால், மேயோ கிளினிக் லேசர் நுண்வெட்டு முறையை அமிலாய்டு வகைப்படுத்தலுக்குக் கொண்டுவந்தது வெறும் ஆய்வு ஆர்வத்தால் அல்ல. ஒரே சீவலில் நாற்பது ஆன்டிபாடிகளைப் போடும் புதிய படமெடுப்பு முறைகள் எதிர்ப்பாற்றல் செல்களின் அண்மையைப் படிப்பவர்களுக்கு உரியவை. இந்தக் கேள்விக்கு அவை இப்போதைக்குத் தேவையில்லை.

இப்போது ஒரு துறை முடிவெடுக்க வேண்டியதற்கு வருவோம். பாரஃபின் பிளாக்குகள் மட்டுமே கையில் உள்ள மருத்துவக் கல்லூரி என்றால், நான் தேர்ந்தெடுப்பது ஆன்டிபாடிச் சாயத்தையே. ஆனால் புதிய புரதம் ஒன்றின் "வெளிப்பாட்டை" அளக்க அல்ல. சான்று உறுதியாக உள்ள பிஎல்ஏ2ஆர், நெல்-1, எக்ஸோஸ்டோசின் போன்ற சிலவற்றைத் துறையில் சேர்ந்துள்ள எல்லா மெம்ப்ரனஸ் பயாப்ஸிகளிலும் போட்டு, ஒவ்வொரு நோயாளியின் வயது, மருந்துப் பழக்கம், புற்றுநோய் வரலாறு ஆகியவற்றோடு ஒப்பிடும் ஆய்வு, மூன்றாண்டுப் படிப்புக்குள் முடியக்கூடியது. முடிவு எதுவாயினும் அடுத்த நோயாளிக்கு உதவக்கூடியது. எதிலும் சாயமேறாத பயாப்ஸிகள் மிஞ்சும். அவைதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு உரிய புதையல். அந்த வசதியுள்ள தேசிய நிறுவனத்தோடு சேர்ந்து அவற்றை மட்டும் அனுப்பலாம். எல்லாவற்றையும் முதலிலேயே அனுப்புவது, ஆன்டிபாடி ஒன்றே சொல்லிவிடக்கூடிய விடைக்குக் கருவியின் நேரத்தைச் செலவிடுவதாகும். உறைபெட்டி வசதியும் முறையான ஒப்புதலும் உள்ள துறை, கட்டி அறுவைகளில் புரத அளவை ஒப்பிட விரும்பினால் மட்டும் வெஸ்டர்ன் பிளாட் பக்கம் போகலாம்.

எந்த முறையானாலும் திசு ஃபார்மலினுக்குள் போன விதம் விடையின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனைக்கு, வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் வகுத்திருப்பது இதனால்தான். சனிக்கிழமை மதியம் சிறு பாட்டிலில் திணித்து வைக்கப்பட்டுத் திங்கள் காலை வெட்டப்படும் திசுவில் சாயம் ஏறாவிட்டால், காரணம் நோயா ஃபார்மலினா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வேட்டுப் படிவத்தில் அந்த நேரங்களை எழுத ஓர் இடம் ஒதுக்குவது செலவில்லாத திருத்தம்.

கடைசியாகத் திசுவின் கணக்கு. சிறுநீரகப் பயாப்ஸி பிளாக்கை மறுபடி மைக்ரோடோமில் (திசுவைச் சீவும் கருவியில்) ஏற்றும் ஒவ்வொரு முறையும், முகம் நேராகும் வரை சில சீவல்கள் வீணாகின்றன; மூன்றாம் முறை ஏற்றும்போது கிளாமருலஸே மிஞ்சாத பிளாக்குகள் உண்டு. அதனால் முதல் முறை வெட்டும்போதே கூடுதல் சீவல்களை எடுத்துவைப்பது நல்லது. ஆனால் வெட்டி வைத்த ஸ்லைடில் பல ஆன்டிஜென்கள் மாதங்கள் செல்லச் செல்ல மங்கும் என்பதால், சாயத்துக்கு உரியவற்றைக் குளிரில் வைத்து விரைவில் பயன்படுத்த வேண்டும். நுண்வெட்டுக்கு உரியவை சாதாரணக் கண்ணாடியில் எடுத்தால் பயன்படா. கூட்டாய்வு நிறுவனம் எந்த ஸ்லைடைக் கேட்கிறது, எத்தனை மைக்ரோமீட்டர் தடிமன் கேட்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, நோயறிதலுக்கு இனியும் தேவைப்படக்கூடிய பகுதியைப் பிளாக்கில் விட்டுவைத்தபின், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் பிளேடைத் தொட வேண்டும்.